கப்பல் ஏறுற நாள்லயே மலையிறங்கலாமா? குன்னூர் பக்கத்துல இருந்து கொச்சி, சென்னை துறைமுகம் போறவங்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு நம்ம பக்கத்துல இப்ப நிறைய பேரு கப்பல் டூர் போறாங்க. கேக்குற கேள்வி எல்லாம் ஒண்ணுதான், "விடியக்காலைல நாலு மணிக்கு வண்டிய எடுத்தா மத்தியானம் கொச்சி போயிரலாம்ல, எதுக்கு ஒரு நாள் முன்னாடியே போய் ரூமுக்கு வாடகை கொடுக்கணும்?" நானும் அப்படி நெனச்சுத்தான் ஒரு தடவ கிளம்புனேன், அதனால மொதல்லயே பதில சொல்லிடறேன். சென்னைன்னா அன்னிக்கே கிளம்பற பேச்சே வேண்டாம். கொச்சின்னா சில மாசத்துல, சில நேரத்துல போகலாம். மத்தபடி ரெண்டுக்குமே, கப்பல் நாளைக்குன்னா இன்னிக்கு ராத்திரி மலைக்குக் கீழ தூங்கணும், மேட்டுப்பாளையத்துல சொந்தக்காரங்க வீட்டு திண்ணையில படுத்தாலும் பரவால்ல. ஏன்னு சொல்றேன்.

எங்க வீட்ல அஞ்சு பேரு, நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, அத்தை. அது நவம்பர் மாசம். கப்பல் கொச்சியில சாயங்காலம் 5:30க்கு கிளம்புது, செக்-இன் 3:30க்கு மூடிருவாங்க. மேப்ல பாத்தா ஆறரை மணி நேரம்னு காட்டுச்சு, சரி நாலு மணிக்கு கிளம்புனா பதினொண்ணுக்குள்ள போயிடலாம், நாலு மணி நேரம் கையில இருக்குன்னு தைரியமா கிளம்பிட்டோம். முந்துன நாள் ராத்திரி முழுக்க மழை. குன்னூருக்கு கீழ மரப்பாலம்ங்கற எடம் தாண்டுனதும் முன்னாடி வரிசையா வண்டி நிக்குது, ஒரு பெரிய மரம் மண்ணோட சேந்து சரிஞ்சு ரோட்டுக்கு குறுக்க கெடக்குது. நின்னவங்க எல்லாரும் சொன்னது, "அரை மணி நேரத்துல எடுத்துருவாங்க, ஜேசிபி வந்துட்டே இருக்கு." அந்த அரை மணி நேரம் மூணு தடவ வந்துச்சு. 4:45க்கு நின்ன வண்டி 7:30க்குத்தான் நகந்துச்சு. மேட்டுப்பாளையம் சேர்றப்ப மணி எட்டேகால், அதுக்கப்புறம் கோயம்புத்தூர் ஸ்கூல் டைம் டிராஃபிக், சாலக்குடி பக்கம் பாலம் வேலை நடந்ததால ஒரு நெரிசல், கடைசியில துறைமுகத்துக்குள்ள நுழையறப்ப 3:05. இருபத்தஞ்சு நிமிஷம்தான் மிச்சம். கப்பல் ஏறிட்டோம், அது வேற விஷயம். ஆனா அத்தைக்கு சுகர் இருக்கு, வழியில பாத்ரூம் போக நிறுத்தச் சொன்னா லேட்டாகிடும்னு அவங்க காலைல இருந்து தண்ணியே குடிக்கல, யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. கப்பல்ல உக்காந்தப்புறம்தான் கை நடுங்கறத பாத்தேன். ஒரு ரூம் வாடகைய மிச்சம் பண்றதுக்காக ஒரு வயசானவங்கள அந்த நிலைமைக்கு கொண்டு போனது இன்னிக்கு வரைக்கும் எனக்கு மனசு உறுத்துது, அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதறேன்.

மொதல்ல டிக்கெட்ட எடுத்து பாருங்க, அதுல ஒரு நேரம் இல்ல, மூணு நேரம் இருக்கும். உங்களுக்குன்னு கொடுத்திருக்கற செக்-இன் நேரம், செக்-இன் மூடற நேரம், கப்பல் கிளம்பற நேரம். நம்மாளுங்க எல்லாரும் மூணாவத வெச்சுத்தான் கணக்கு போடுவாங்க, பஸ்ஸுக்கு போற மாதிரி. கப்பலுக்கு அது உதவாது, கிளம்பறதுக்கு ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ முன்னாடியே செக்-இன்ன மூடிட்டு பயணிகள் லிஸ்ட்ட அதிகாரிங்ககிட்ட கொடுத்துருவாங்க, அதுக்கப்புறம் உங்க பேர சேக்கறது அவ்வளவு லேசு இல்ல. எவ்வளவு முன்னாடிங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், உங்க டிக்கெட்ல இருக்கறதுதான் உங்களுக்கு. கப்பலும் யாருக்காகவும் காத்திருக்காது. துறைமுகத்த விட்டு வெளிய போக வழி காட்டற பைலட் ஒருத்தர் கப்பல்ல ஏறணும், இழுவைப் படகு வரணும், நின்ன இடத்த அடுத்த கப்பலுக்கு காலி பண்ணிக் கொடுக்கணும், இதெல்லாம் முன்கூட்டியே நேரம் குறிச்சு வெச்சது, அஞ்சு பேரு வரலன்னு அத மாத்த மாட்டாங்க. ரயில விட்டா அடுத்த ரயில், பிளைட்ட விட்டா அடுத்த பிளைட், கப்பல விட்டா கட்டுன மொத்த பணமும் போச்சு. அடுத்த துறைமுகத்துல போய் ஏறிக்கலாம்னு சிலர் நெனைக்கறாங்க, லட்சத்தீவு மாதிரி எடத்துக்கு பெர்மிட் இல்லாம நீங்களா கால் வெக்கவே முடியாது, அந்த நம்பிக்கைய இப்பவே விட்டுருங்க.

அதனால செக்-இன் மூடற நேரத்துல இருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க. கொச்சிக்கு நான் எப்படி எண்றேன்னு சொல்றேன். கப்பல் டெர்மினல் வெலிங்டன் தீவுல இருக்கு, சாகரிகான்னு பேரு, 2021 பிப்ரவரியில திறந்தது. மூடறது 3:30ன்னா நான் 1:30க்கே அங்க இருக்கணும்னு வெச்சுக்குவேன், லக்கேஜ் கொடுக்கணும், வரிசை இருக்கும், வயசானவங்க மெதுவாத்தான் நடப்பாங்க. எடப்பள்ளியில இருந்து வைட்டிலா, குண்டன்னூர் வழியா தீவுக்குள்ள போறதுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குவேன், தூரம் கம்மிதான் ஆனா எர்ணாகுளம் ஊருக்குள்ள சிக்னல் சிக்னலா நிக்கணும். கோயம்புத்தூர்ல இருந்து கொச்சி சுமார் 190 கிலோமீட்டர், ரோடு காலியா இருந்தா நாலு மணி நேரத்துல போறவங்க இருக்காங்க, நான் ஆறுன்னு போடுவேன். மேட்டுப்பாளையத்துல இருந்து கோயம்புத்தூர் தாண்டி பைபாஸ் புடிக்க ஒண்ணரை மணி நேரம். இதுவரைக்கும் கூட்டுனா மேட்டுப்பாளையத்துலயே விடியக்காலைல அஞ்சு மணிக்கு இருக்கணும். இன்னும் மலையே கணக்குல வரல பாத்தீங்களா. குன்னூர்ல இருந்துன்னா மூணரைக்கு, ஊட்டியில இருந்துன்னா ரெண்டரைக்கு கிளம்பணும், இருட்டுல, மிஸ்ட்ல, தூக்கக் கலக்கத்துல.

இப்ப மலைக்கு வர்றேன், இதுதான் முக்கியம். கீழ ரோட்ல எங்க நெரிசல் ஆனாலும் வேற வழி ஒண்ணு கெடைக்கும், ஊருக்குள்ள பூந்து போகலாம், சுத்திப் போகலாம், லேட்டாகும் அவ்வளவுதான். மலையில அப்படி இல்லீங்க. மேட்டுப்பாளையத்துக்கு நேரா எறங்கறது குன்னூர் ரோடு, இல்லன்னா கோத்தகிரி ரோடு, ரெண்டே ரெண்டுதான். ரெண்டுமே ஒரே மழையில ஒரே ராத்திரியில அடைபட்டுப் போறதும் நம்மூர்ல நடக்கறதுதான். 2009 நவம்பர்ல வந்த மண்சரிவு ஞாபகம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், 40 பேருக்கு மேல செத்தாங்க, ரோடும் ரயில் பாதையும் அங்கங்க அறுந்து போச்சு. அந்த மாதிரி பெருசு எப்பவோ ஒரு தடவைதான் வரும், ஆனா ஒரு மரம், ஒரு பாறை, நின்னு போன ஒரு லாரி, இதெல்லாம் ஐப்பசி கார்த்திகையில வாரா வாரம் நடக்கும்.

மாசத்தையும் கொஞ்சம் யோசிக்கணும். வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நேரா குன்னூர், பர்லியாறு, கோத்தகிரி சரிவுலதான் அடிக்கும், தென்மேற்கு மழை ஜூன்ல இருந்து கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் கொட்டும். வெளிநாட்டுல இருந்து பெரிய கப்பல்ங்க கொச்சிக்கு வர்ற சீசன் தொடங்கறதே அக்டோபர் வாக்குலதான், அதாவது நாம எறங்கற சரிவுல மழை வர்ற அதே நேரம். சரி ஜூன் ஜூலையில போனா நம்ம சரிவுல மழை கம்மிதானன்னு கேப்பீங்க, அப்ப பலாப்பழ சீசன், குஞ்சப்பனை, முள்ளூர், பர்லியாறு பக்கம் யானை ரோட்டுக்கு வரும். விடியக்காலைல குட்டியோட நிக்கற யானைகிட்ட நமக்கு கப்பலுக்கு நேரமாச்சுன்னு சொல்ல முடியாது, லைட்ட குறைச்சுட்டு அது போற வரைக்கும் தள்ளி நிக்கறதுதான் சரி, ஹாரன் அடிக்காதீங்க. ஏப்ரல் மே சீசன்ல கூட்டத்த பொறுத்து மேல வர்ற வண்டிய குன்னூர் வழியா விட்டு, கீழ போறத கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க, ஊட்டியில இருந்து போறவங்களுக்கு அதுவே சுத்து. மலர் கண்காட்சி வாரத்துல ஞாயித்துக்கிழமை மத்தியானம் எறங்கறது எப்படி இருக்கும்னு இங்க பொறந்து வளந்தவங்களுக்கு தெரியும்.

அப்படியும் ஏதோ காரணத்தால அன்னிக்கே எறங்கற மாதிரி ஆயிடுச்சுன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி கீழ இருந்து மேல வந்துட்டு இருக்கற யாராவது டிரைவர்கிட்ட போன்ல கேளுங்க, பால் வண்டி, காய்கறி வண்டிக்காரங்கள விட அந்த நேரத்துல ரோட்ட தெரிஞ்சவங்க யாரும் இல்ல. மேப்ல சிவப்பு கோடு வர்றதுக்குள்ள நீங்க அந்த வரிசைக்குள்ள போயிருப்பீங்க. வழியில அடைச்சிருந்தா, நாங்க செஞ்ச தப்ப நீங்க செய்யாதீங்க: வண்டிய நிறுத்துன உடனே ஒருத்தர் எறங்கி முன்னாடி வரைக்கும் நடந்து போய் கண்ணால பாத்துட்டு வரணும். கார் பஞ்சர், சின்ன கிளைன்னா காத்திருக்கலாம். மண்ணு சரிஞ்சிருக்கு, ஜேசிபி இன்னும் வரலன்னா பின்னாடி வண்டி நெறையறதுக்குள்ள திருப்பிட்டு கோத்தகிரி வழியா போயிடுங்க. குன்னூர் போய் கோத்தகிரி சுத்தி எறங்க ரெண்டு மணி நேரம் கூட ஆகும்தான், ஆனா அது எவ்வளவுன்னு தெரிஞ்ச ரெண்டு மணி நேரம். கால் மணி நேரத்துக்குள்ள இந்த முடிவ எடுக்கலன்னா பின்னாடி பஸ்ஸு வந்து நின்னுரும், அப்புறம் திருப்ப எடமே இருக்காது. எங்களுக்கு அதுதான் ஆச்சு. நேரம் போச்சேன்னு இறக்கத்துல வேகமா போகவும் கூடாது, செகண்ட் கியர்லயே எறங்குங்க, பிரேக்க அமுக்கிட்டே வந்தா சூடாகி புடிக்காம போயிடும், நம்ம ரோட்ல நடக்கற விபத்துல நிறைய இப்படி வெளியூர் வண்டிக்கு நடக்கறதுதான்னு நமக்கே தெரியும், அவசரத்துல நாமளும் அதையே செய்யக்கூடாது.

கேரளா ரோட்ட பத்தி கொஞ்சம். வாளையார் தாண்டி பாலக்காடு, குதிரான் சுரங்கம், மண்ணுத்தி, சாலக்குடி, அங்கமாலின்னு போற அந்த 544 நெடுஞ்சாலை, குதிரான்ல சுரங்கம் திறந்தப்புறம் ரொம்ப நல்லாத்தான் ஆச்சு, ஆனா திருச்சூருக்கு அந்தப் பக்கம் அண்டர்பாஸ் வேலைக ஆரம்பிச்சதுல நெரிசல் எந்த அளவுக்கு போச்சுன்னா, 2025 ஆகஸ்ட்ல கேரளா ஹைகோர்ட்டே பாலியேக்கரா டோல் வசூல நிறுத்தி வெச்சது, ரோடு இப்படி இருக்கறப்ப எதுக்கு காசுன்னு. அப்புறம் திரும்ப வசூலிக்க விட்டுட்டாங்க, ஆனா அந்த ரோட்ல மேப் சொல்ற நேரத்த நம்பி கப்பல புடிக்க கூடாதுங்கறதுக்கு இத விட என்ன வேணும். கார்த்திகை ஒண்ணுல இருந்து தை வரைக்கும் சபரிமலை வண்டிக வேற. இன்னொண்ணு, ஹர்த்தால். நம்மூர் பந்த் மாதிரி இல்ல, காலைல ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் வண்டியே ஓடாத மாதிரி ஆயிடும். ஏழு நாள் முன்னாடியே அறிவிக்கணும்னு 2019ல ஹைகோர்ட் சொல்லியிருக்கு, அதனால கிளம்பற வாரத்துல தெனமும் கேரளா நியூஸ் பாருங்க, அறிவிச்சிருந்தா யோசிக்காம ஒரு நாள் முன்னாடி போயிடுங்க.

அப்ப எப்பத்தான் அன்னிக்கே போகலாம்? ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும், மழை இல்ல, சீசன் கூட்டம் இல்ல, வார நாள், செக்-இன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மூடுது, வண்டி ஓட்ட ரெண்டு பேரு இருக்காங்க, கூட வர்றவங்க எல்லாரும் திடமானவங்க. இது எல்லாமே சேந்து இருந்தா போங்க, நானும் போவேன். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் முந்துன நாள் மத்தியானமே கீழ எறங்கி மேட்டுப்பாளையத்துலயோ கோயம்புத்தூர்லயோ தங்கிட்டு காலைல அஞ்சு மணிக்கு கிளம்பலாம். ரெண்டு குறைஞ்சா நேரா கொச்சிக்கே போய் தங்கிடுங்க. பணத்த வெச்சு யோசிக்கறவங்க இப்படி கணக்கு போடுங்க: ஒரு ராத்திரி ரூமுக்கு ரெண்டாயிரமோ மூவாயிரமோ ஆகும், அஞ்சு பேருக்கு கப்பலுக்கு நீங்க கட்டுனது எவ்வளவு? கோயம்புத்தூர்ல இருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலு நிறைய இருக்கு, நாலு மணி நேரம் சுமாருக்கு போயிடும், கார எடுத்துட்டு போயே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா ரயில்ல போனாலும் முந்துன நாள் ரயில்ல போங்க.

சென்னைக்கு வருவோம். 2022 ஜூன்ல சென்னையில இருந்து கோர்டேலியா கப்பல் ஓட ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பக்கத்துல இருந்தும் நிறைய பேரு போறாங்க. ஊட்டியில இருந்து சென்னை 550 கிலோமீட்டர் சுமார், அவினாசி, சேலம்னு போனா பத்துல இருந்து பன்னெண்டு மணி நேரம். அன்னிக்கே கிளம்பணும்னா ராத்திரியே கிளம்பணும், ராத்திரி பூரா ஓட்டிட்டு காலைல ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து நகருக்குள்ள நெரிசல்ல ஊர்ந்து துறைமுகம் இருக்கற ராஜாஜி சாலை போறது, எத்தனை பேரு ஓட்டுனாலும் நான் ஒத்துக்க மாட்டேன். இதுக்கு நமக்குன்னே ஒரு வண்டி இருக்கு, நீலகிரி எக்ஸ்பிரஸ். மேட்டுப்பாளையத்துல ராத்திரி 9 மணி வாக்குல ஏறிப் படுத்தா விடிஞ்சதும் சென்ட்ரல், அங்க இருந்து துறைமுகம் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான், ஆட்டோ புடிச்சா போச்சு. கப்பல் மத்தியானமோ சாயங்காலமோன்னா அந்த ரயில்ல அன்னிக்கு காலைல போய் எறங்கறது கூட எனக்கு சரின்னுதான் படுது, ஏன்னா ரயிலு ரெண்டு மூணு மணி நேரம் லேட்டானாலும் தாங்கும். மலைய மட்டும் வெளிச்சத்துலயே எறங்கிடுங்க, நாலு மணிக்கு மேட்டுப்பாளையத்துல இருக்கற மாதிரி கிளம்புனா, கோத்தகிரி சுத்தி வர்ற மாதிரி ஆனாலும் ரயில விட மாட்டீங்க. டிக்கெட் சீக்கிரம் தீந்துரும், கப்பல் புக் பண்ற அன்னிக்கே ரயிலையும் பாத்துருங்க.

கூடலூர், பந்தலூர்க்காரங்க கொச்சிக்கு போக ஊட்டி ஏறி எறங்க வேண்டாம்னு உங்களுக்கே தெரியும், நாடுகாணி எறங்கி நிலம்பூர், பெரிந்தல்மண்ணா வழியா போயிடலாம், ஆனா அந்த சரிவு ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மோசம், எங்களுக்கு நவம்பர் எப்படியோ உங்களுக்கு ஜூலை அப்படி. கொடைக்கானல்ல இருக்கற தங்கச்சி குடும்பம் கேட்டாங்க, போடிமெட்டு, மூணாறு வழியா கொச்சி போகலாமான்னு. கொடைக்கானல் எறங்கி திரும்ப போடிமெட்டு ஏறி மறுபடியும் அந்தப் பக்கம் எறங்கணும், ஒரு மலைக்கு பதிலா ரெண்டு மலை, அழகான ரோடுதான், திரும்பி வர்றப்ப அதுல வாங்கன்னு சொல்லிட்டேன். சென்னைன்னா அவங்களுக்கு வத்தலகுண்டு வழியா எறங்கி கொடைரோட்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுறதுதான் சுலபம்.

கார எங்க விடறதுங்கறத கடைசி நிமிஷத்துல யோசிக்காதீங்க. துறைமுகத்துக்குள்ள நாலஞ்சு நாளு நிறுத்தலாமான்னு கப்பல் கம்பெனிகிட்ட மெயில்ல கேட்டு பதில எழுத்துல வாங்குங்க, போன்ல "பாத்துக்கலாம் சார்"னு சொல்றத நம்பி போகாதீங்க. பதில் வரலன்னா முந்துன நாள் தங்கற ஹோட்டல்லயே கப்பல் திரும்பற வரைக்கும் கார விடலாமான்னு கேட்டு, சரின்னு சொல்றவங்ககிட்ட ரூம் போடுங்க, நாங்க ரெண்டாவது தடவ அப்படித்தான் செஞ்சோம். இன்சூரன்ஸ் எடுத்தவங்க, கப்பல விட்டா பணம் தருவாங்களாங்கற பக்கத்த மட்டுமாவது படிங்க, சொந்தக் கார்ல போய் லேட்டானதுக்கு என்ன ஆதாரம் கேப்பாங்கன்னு அதுல இருக்கும். வழியில சிக்கிட்டீங்கன்னா ஒரு போட்டோ, ஒரு வீடியோ, நேரம் தெரியற மாதிரி எடுத்து வெச்சுக்கோங்க, அப்பவே கம்பெனி நம்பருக்கு போன் பண்ணி இன்ன எடத்துல இருக்கோம், இத்தனை பேருன்னு சொல்லிடுங்க. அந்த நம்பர முந்துன நாளே சேவ் பண்ணி ஒரு தடவ அடிச்சு பாத்துருங்க, பர்லியாறு பக்கம் டவர் விட்டு விட்டுத்தான் கெடைக்கும்.

ஆதார், பாஸ்போர்ட் எது கேட்டிருக்காங்களோ அது கைப்பையில இருக்கணும், டிக்கியில இருக்கற பெட்டியில இல்ல. இலங்கை போற கப்பல்னா பாஸ்போர்ட் இல்லாம நீங்க எவ்வளவு சீக்கிரம் போயும் பிரயோஜனம் இல்ல. ஃபாஸ்டேக்ல பணம் இருக்கான்னு ராத்திரியே பாருங்க. வளைவுல வாந்தி எடுக்கற பசங்களுக்கு மாத்திரைய எறங்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே கொடுக்கணும், பர்லியாறுல கொடுத்து பிரயோஜனம் இல்ல. வயசானவங்க கூட வந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வண்டி நிக்கும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.

திரும்பி வர்ற நாளுக்கு இவ்வளவு கவலை இல்ல, கப்பல் பெரும்பாலும் காலைலயே வந்துரும், எறங்கி வெளிய வர பத்து பதினொண்ணு ஆகும். ஆனா கொச்சியில இருந்து அன்னிக்கே மலையேறுனா அடிவாரத்துல இருக்கற கல்லாறு வர்றப்ப இருட்டிரும், அதனால மழை மாசத்துல மேட்டுப்பாளையத்துல ஒரு ராத்திரி தங்கிட்டு காலைல ஏறுங்க. டாக்ஸியில வர்றவங்க, வண்டி நம்ம நீலகிரி TN 43 ரிஜிஸ்ட்ரேஷன் இல்லன்னா மலைக்கு வர இ-பாஸ் வேணும், டிரைவர் எடுத்திருப்பாருன்னு விடாம நீங்களே ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.